அடைத்த களத்தில் வைத்த கை

மார்ச் 3

கப்பல் இந்த வாரமும் வரவில்லை. என் அண்ணன் ஹட்சனின் கடையில் சோப்பும் புகையிலையும்தான் மிச்சம். மூன்று வேளையும் மரவள்ளி. என் மகள் தோரா தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கிறாள். ஒன்பது வயதில் என்ன ராங்கி.

இதே மாதம் போன வருஷம் முட்டை தின்று சலித்துப்போயிருந்தோம். இந்த வருஷம், சுடுமணல் கோழிகள் வந்து முட்டையிடும் எங்கள் களம் அடைப்பு. ஜனவரியில் கொலோ மாமா கண்ணை மூடிய அன்றே நாலு மூலையிலும் தென்னங்கீற்றைக் கட்டிவிட்டார்கள். களத்துக்காரர் செத்தால் படையல் போடும்வரை யாரும் காலோ கையோ உள்ளே வைக்கக் கூடாது. படையலுக்குப் பன்றிகள் சேரவேண்டும். அண்ணன் தீவு தீவாக அலைகிறான். ஏப்ரல் கடைசிக்குள் ஆகிவிடும் என்கிறான்.

அம்மா வழியில் வந்த களம். மாமாவுக்குப் பின் நான், எனக்குப் பின் தோரா. ஆனால் இப்போதைக்குக் கீற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

மார்ச் 8

ஒரு விசேஷம். வடக்குக் கரைக் களங்களில் மணல் ஆறிப்போயிற்றாம். எப்போதும் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி இருக்கவேண்டும் மணல். அந்தச் சூட்டில்தான் கோழி முட்டையை இட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகும். குஞ்சு தானே பொரிந்து, தானே மண்ணைக் கிளறி மேலே வந்து, அன்றைக்கே பறந்துபோகும். இப்போது அங்கே கையை விட்டால் சாதாரணக் கடற்கரை மணல் போல இருக்கிறதாம். கோழிகள் எல்லாம் எங்கள் அடைத்த களத்துக்கு வந்துவிட்டன. விடியற்காலையில் பார்த்தால் தரையே கறுப்பாகத் தெரிகிறது. சிவந்த மூஞ்சியை ஆட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று விரட்டுகின்றன.

வலை காயப்போட வந்த தாவே பெரியப்பா கீற்றோரம் நின்று சிரித்தார்.

"உங்க மாமன் இருந்தப்ப ஒரு முட்டை சும்மா குடுத்ததில்ல. செத்தும் புத்தி போகல பாரு. ஊர்ச் சூட்டையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கிட்டான்."

"உங்களுக்குப் பொறாமை பெரியப்பா."

"பின்ன? உன் புருஷன் அலிக்க மட்டும் கட்டிப் போட்டு வை. மலைட்டாத் தீவுக்காரன். முட்டைன்னா உசுர விடுவான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். படையல் முடிந்து களம் திறந்தால் தீவிலேயே முட்டை உள்ள ஒரே களம் எங்களுடையது.

மார்ச் 14

ஓடைத் தண்ணீர் பால் நிறத்தில் வருகிறது. துவைக்கவில்லை.

மார்ச் 17

பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு இருமல். எரிமலையின் கந்தக வாடை எப்போதும் உள்ளதுதான், இப்போது கொஞ்சம் தூக்கல். சின்ன வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது களத்தோரம் நின்று பார்த்தேன். ஒரு கோழி பாதி உடம்பு மறையும்வரை தோண்டிற்று. பிறகு விருட்டென்று பின்னால் வந்து, தள்ளிப்போய் வேறு இடத்தில் தோண்டிற்று. அங்கேயும் அப்படியே. ஒன்றுகூட உட்கார்ந்து முட்டையிட்டதை நான் பார்க்கவில்லை.

மார்ச் 20

அலிக் களத்தில் கை வைத்துவிட்டான்.

இதை எழுதி வைக்கக் கூடாதுதான். ஆனால் எங்காவது சொல்லியாக வேண்டும்.

மத்தியானம் ஊர் தூங்கும் நேரத்தில் போயிருக்கிறான். குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்தபோது சட்டையைக் கையில் சுற்றியிருந்தான். பிரித்தால், முழங்கைக்குக் கீழே தோல் வெள்ளையாக எழும்பிக் கொப்புளம். சமையற்கட்டில் சுட்டுக்கொண்டாயா என்று கேட்கப் போனேன். மடியிலிருந்து இரண்டு முட்டையை எடுத்து வைத்தான்.

"ஏன்டா? ஏன் இப்படிச் செஞ்ச?"

"முட்டை வேணும்னு இருந்துச்சு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான். வேற காரணம் சொல்லச் சொல்றியா?"

ஒரு முட்டையை அவனே உடைத்தான். வெந்திருந்தது. மஞ்சள் கட்டியாக, அடுப்பில் போட்டு எடுத்த மாதிரி. மற்றதும் அப்படியே. மணலுக்குள்ளேயே வெந்திருக்கிறது.

இரண்டு பேரும் அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அவன் சாப்பிடவில்லை. பச்சிலை அரைத்துக் கட்டினேன். நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இரு என்றேன்.

மார்ச் 21

தூக்கமில்லை.

இந்த மண்ணில் இப்படிச் சூடு ஏறினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் சூடு ஏறியிருப்பது எப்படித் தெரியும் என்று கேட்பார்களே? கை வைத்தவன் யார் என்று கேட்பார்களே? தீவிலிருந்தே விரட்டுவார்கள். அதற்கு முன் அடிப்பார்கள்.

சொல்லாவிட்டால்?

மார்ச் 24

இன்று பள்ளியில் முதல் மலைவெடிப்புக் கதையைச் சொல்லும் முறை. வருஷத்துக்கு ஒரு முறை சொல்லவேண்டும். பாட்டிகளுக்கும் பாட்டி காலத்தில் தீவில் எல்லோரும் வெந்து செத்தார்கள். பெரிய தீவுக்குப் பண்டமாற்றுக்குப் போயிருந்த மூன்று பெண்கள் மட்டும் திரும்பி வந்து, ஆறிய கல்லின்மேல் மண் சுமந்து கொட்டிக் கிழங்கு நட்டார்கள். எங்கள் மூன்று வம்சமும் அவர்கள் வயிற்றில் வந்தவை. இதெல்லாம் ஏன் நடந்தது? அடைத்த களத்தில் ஒருவன் கை வைத்தான், மலை கோபித்துக்கொண்டது.

சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அந்த மனுஷனின் கையும் வெந்ததா? வெந்த கையோடு ஓடி வந்து யாரிடமாவது சொன்னானா? கதையில் அது இல்லை.

மார்ச் 28

சொல்லிவிட்டேன்.

அண்ணனிடம் தனியாகத்தான் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "அவன் கைய நான் பாக்கணும்" என்றான். ஒரு மணி நேரத்தில் மாதாகோவில் முன்னால் ஊரே கூடிவிட்டது. தனியாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டும் அவனை.

அலிக் மறைக்கவில்லை. கட்டை அவிழ்த்துக் கையை நீட்டினான். கூட்டத்தில் ஒரு முனகல். நான் முன்னால் போய்ச் சொன்னேன், மணல் கொதிக்கிறது, முட்டை உள்ளேயே வேகிறது, ஓடையைப் பாருங்கள், வடக்குக் கரையில் ஆறி இங்கே ஏறியிருக்கிறது, நெருப்பு கீழே இடம் மாறுகிறது, படகுகளைத் தயாராக வையுங்கள், பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். தொண்டை வற்றும்வரை சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாவே பெரியப்பாதான் முதலில் பேசினார்.

"கொலோ சுட்டுட்டான். தன் களத்துல கை வச்சவனச் சுட்டுட்டான்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒருவர் காதிலும் எதுவும் ஏறவில்லை. வெந்த கை, மணல் கொதிப்பதற்குச் சாட்சி என்று நான் கொண்டுபோனேன். அவர்களுக்கு அது குற்றத்துக்குச் சாட்சி. இன்னும் கொடுமை, எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. ஓடை வெளுத்தது ஏன், பிள்ளைகள் இருமுவது ஏன், வடக்குக் களங்கள் ஆறியது ஏன், எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டான்.

"ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து களத்துல கை வச்சுப் பாருங்க" என்று கெஞ்சினேன்.

"அடைச்ச களத்துலயா?" என்றாள் எவெலினா அண்ணி. "இவன் வச்சது பத்தாதா?"

மார்ச் 29

காலையில் அலிக்கை அனுப்பிவிட்டார்கள். அடிக்கவில்லை. அண்ணன் தடுத்தான், அதைச் சொல்லியாக வேண்டும். பெரிய தீவில் உள்ள ஹோனியாரா நகரத்துக்குப் போகிற படகில் ஒரு பையோடு ஏற்றினார்கள்.

தோராவைக் கூட்டிப்போகிறேன் என்றான் அலிக். "பிள்ளை எங்க களத்துப் பிள்ளை. நீ வந்த மாதிரியே போ" என்றான் அண்ணன்.

அலிக் என்னைப் பார்த்தான். "நெஸ்டா, ஏறு. அவளையும் தூக்கிப் போட்டுக்கிட்டு ஏறு. யார் தடுக்கறாங்கன்னு பாக்கறேன்."

நான் ஏறவில்லை. படையலன்று களத்தை முதலில் திறக்கவேண்டிய கை என் கை. நான் போய்விட்டால் களம் சித்தி மகள் வழிக்குப் போகும். மலை கொதிக்கிறது என்று ஊருக்குச் சொன்னவள், மணலில் ஒரு துண்டுக்காகப் பிள்ளையோடு கரையில் நின்றேன். இதைப் படித்தால் எனக்கே என்மேல் காறித் துப்பவேண்டும்போல இருக்கிறது.

ஏப்ரல் 6

நில நடுக்கம். பாத்திரம் உருண்டது. பழகிப்போன விஷயம்தான்.

ஏப்ரல் 11

முனைப்பாறைமேல் ஏறினால்தான் போன் எடுக்கும். அலிக் பேசினான். எரிமலைகளைக் கவனிக்கிற அலுவலகத்துக்குப் போனானாம். நில நடுக்கத்தை அளக்க உங்கள் தீவில் வைத்த பெட்டியிலிருந்து ஒரு தகவலும் வருவதில்லை என்றார்களாம்.

எப்படி வரும்? பள்ளி வளாகத்தில் அந்தப் பெட்டிமேல் கோழி எச்சம் காய்கிறது. அதன் சூரியத் தகடு ஹட்சன் கடைக் கூரையில் போனுக்கு சார்ஜ் போடுகிறது. எல்லோருக்கும் தெரியும், நானும் அங்கேதான் சார்ஜ் போடுகிறேன்.

அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"தகட்டக் கழட்டிக் குடுண்ணா. பெட்டிலயே மாட்டிடுவோம்."

"படையலுக்கு வெளித்தீவு ஆளுங்க வர்றாங்க. அவங்க போனெல்லாம் எங்க போடுவாங்க?"

"அண்ணா..."

"படையல் முடியட்டும் நெஸ்டா. மாமாவுக்குக் குடுக்க வேண்டியத குடுத்துட்டா எல்லாம் அடங்கிரும். நீயும் கொஞ்சம் அடங்கு."

கெட்டவனில்லை அவன். இரவெல்லாம் பன்றிகளுக்குக் கிழங்கு வேகவைத்துக் கண் சிவந்து நிற்கிறான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஏப்ரல் 19

ஓடை நின்றுவிட்டது. மேட்டுத் தென்னைகளின் ஓலை பழுக்கிறது. விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே பாட்டும் வெற்றிலையும்.

ஏப்ரல் 23

நாளைக்குப் படையல்.

ஏப்ரல் 26, பெரிய தீவு

தோரா இருக்கிறாள். நான் இருக்கிறேன்.

ஏப்ரல் 30

மருத்துவமனை. இடது கையால் எழுதுகிறேன். எழுத்து என் சின்ன வகுப்பை விட மோசம்.

படையலன்று காலையில் களத்தில் ஒரு கோழி இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பயந்திருக்கும் என்றார்கள். அண்ணன் கீற்றுகளை அறுத்தான். நான் குப்புறப் படுத்தேன். பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் நானும் வேண்டிக்கொண்டேன், மணல் இதமாக இருக்கட்டும், நான் சொன்னதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகப் போகட்டும் என்று. முழங்கை உள்ளே போகுமுன் வெந்துவிட்டது. கத்திவிட்டேன்.

இப்போதாவது பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். தோல் உரிந்த கையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன். கூட்டத்தில் ஒரு பெண்குரல், யார் என்று தெரியவில்லை:

"அவன்கூடப் படுத்து எழுந்தவதானே. கொலோ அவ கைய மட்டும் விடுவாரா?"

அண்ணன் தலை குனிந்து நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"தோராவக் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போ. குளி. முனைக்கு அந்தப் பக்கம் இரு. படையல் முடிஞ்சதும் ஆள் அனுப்பறேன்."

கடைசியாக அவன் என்னிடம் பேசியது அது. களத்தைத் திறக்கச் சித்தி மகளைக் கூப்பிடுவதற்குள் எங்களைத் தோணியில் ஏற்றிவிட்டார்கள். அண்ணி வாழையிலை வெட்ட வடக்குக் கரைக்குப் போயிருந்தாள்.

தோராதான் துடுப்புப் போட்டாள். முனையைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்திருந்தோம். சத்தம் நான் நினைத்திருந்த அளவுக்குப் பெரிதில்லை. மலை உச்சியில் சாம்பல் நிறத்தில் ஏதோ எழும்பி, மேலே போகாமல், உலை பொங்கி வழிகிற மாதிரி வழிந்தது. வறண்ட ஓடை வழியாக இறங்கியது. ஓடை எங்கே போய் முடிகிறது? படையல் திடலில். தோரா "மாமா, மாமா" என்று கத்தினாள். அவளுக்கு மாமா என்றால் ஹட்சன். கடல் சீறிற்று. மீன்பிடிக்கப் போன படகு ஒன்று எங்களை இழுத்துக்கொண்டு வந்தது.

தகட்டைக் கழற்றிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் அண்ணனைக் கேட்காமல் நானே கழற்றியிருந்தால்? கூரை ஒன்றும் உயரமில்லை.

மே 9

செத்தவர்களின் பெயர்களை முகாமில் வாசித்தார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

மே 22

மாதாகோவில் நிலத்தில் எங்களுக்குத் தகரக் குடிசைகள். அலிக் வந்து சேர்ந்துவிட்டான். இரண்டு வெந்த கைகளும் ஒரே வீட்டில். தோரா இரண்டு பேருக்கும் மருந்து தடவுகிறாள்.

தப்பித்தவர்கள் வடக்குக் கரைக்காரர்களும் அன்று கடலில் இருந்தவர்களும்தான். தாவே பெரியப்பா இருக்கிறார். எவெலினா அண்ணி இருக்கிறாள். குடிசை வரிசையில் யாரும் எங்களிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. தண்ணீர்க் குழாயில் நான் போய் நின்றால் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஜூன் 7

இன்று அண்ணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். "உன் புருஷன் ஒரு முட்டைக்கு ஆசைப்பட்டு என் வீட்டையே தின்னுட்டான்."

நான் சும்மா இருப்பேனா? முன்கூட்டியே சொன்னது நாங்கள், கேட்காதது நீங்கள், அவன் கை வைக்காவிட்டால் யாருக்கும் ஒன்றுமே தெரிந்திருக்காது என்று குழாயடியில் நின்று கத்தினேன். "ஹட்சன் கூரையில இருந்தது என்ன அண்ணி? அதச் சொல்லு" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 15

எங்கள் கூரையில் கல் எறிந்தார்கள். அலிக்கின் சொந்தக்காரர்கள் மலைட்டாவிலிருந்து வந்துவிட்டார்கள், இடுப்பில் வெட்டுக்கத்தியோடு. எங்கள் பையன்களும் கத்தி தீட்டுகிறார்கள். மலை விட்டுவைத்த பையன்கள்.

ஜூன் 18

அலிக் ஒரு முடிவு செய்திருக்கிறான். ஊர் முன்னால் நின்று, தன் கையால்தான் வந்தது என்று சொல்லி ஈடாகப் பன்றி கொடுக்கப் போகிறானாம்.

"பைத்தியமா உனக்கு? நீ செஞ்சதா அது? மலை வெடிச்சதுக்கு நீ காரணமா?"

"இல்ல."

"பின்ன ஏன் சொல்ற?"

"அவங்களுக்கு யாராவது காரணம் வேணும் நெஸ்டா. நான் இல்லன்னா உங்க அண்ணன்தான். உங்க அண்ணி அந்தத் தகட்ட நினைச்சு நினைச்சு சாகறா, பாத்தியா? நான் உசுரோட இருக்கேன். என்னால தாங்க முடியும்."

"என்னால முடியாது" என்றேன். "எங்க அண்ணனக் கொன்னவன்னு உன்னை எல்லாரும் சொல்ல, நான் உனக்குச் சோறு போடணுமா?"

"போடாத. பன்றி மட்டும் ஒன்னு பாரு."

விடிய விடிய அழுதேன். அவன் செத்திருந்தால்கூட இப்படி அழுதிருப்பேனா தெரியவில்லை.

ஜூன் 30

சொல்லிவிட்டான். வெந்த கையை எல்லோரும் பார்க்கும்படி நீட்டிச் சொன்னான். தாவே பெரியப்பா அவன் தோளில் கை போட்டு அழுதார். மலைட்டாக்காரர்களும் எங்கள் பையன்களும் ஒரே பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 5

மீன்காரர்கள் தீவோரம் போய் வந்தார்களாம். சுடுமணல் கோழிகள் சில, பக்கத்துப் பவழத்திட்டில் இருக்கின்றனவாம். அங்கே மணலில் சூடு கிடையாது. தண்ணீரோரத்தில் முட்டைகள் சும்மா கிடக்கின்றன, நண்டு தின்கிறது என்றார்கள்.

ஜூலை 12

மத்தியானம் எவெலினா அண்ணி வந்தாள். கேட்காமலே உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த கிழங்கும் மீனும் இருந்தது. இலையில் வைத்தேன். சாப்பிட்டாள். எவ்வளவு மெலிந்துவிட்டாள். இன்னொரு கரண்டி வைத்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

அலிக் வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், தகரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"ஒத்துக்கிட்டான்" என்றாள் அண்ணி, என்னைப் பார்க்காமல். "அதுக்கு ஒரு மனசு வேணும்."

தோரா பக்கத்தில் உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைக் கேட்டாள்.

"மலை வெடிச்சது அப்பாவாலதானாம்மா?"

ஆணி அடிக்கிற சத்தம் நின்றது. அண்ணியின் கை இலையிலேயே நின்றது.

"ஆமா" என்றேன்.

அண்ணி மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.